கண்ணாடிப் பிம்ப அச்சு: கையால் செய்யும் வாழ்த்து அட்டைக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் ஒரு வள்ளம், அதன் கீழே தண்ணீரில் அதன் நிழல். இதை ஒரு வாழ்த்து அட்டையில் ரப்பர் ஸ்டாம்பால் கொண்டுவர வேண்டும் என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஸ்டாம்பை நேராக ஒரு முறை பதிப்பார்கள். அப்புறம் அதையே தலைகீழாகத் திருப்பிக் கீழே ஒரு முறை பதிப்பார்கள். அட்டை அழகாகத்தான் இருக்கும், ஆனால் என்னவென்று சொல்லத் தெரியாமல் ஏதோ ஒன்று உறுத்தும். உற்றுப் பாருங்கள். மேலே வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, இடப்பக்கம் இருக்கிறது. நிழலில் அது வலப்பக்கம் போய்விட்டது. தண்ணீரில் தெரிவது அதே வள்ளம் இல்லை, எதிர்த்திசையில் போகும் வேறொரு வள்ளம்.

தலைகீழாகத் திருப்பிப் பதிப்பது படத்தை 180 பாகை சுழற்றுவது. அதில் மேல் கீழாகும், கூடவே இடம் வலமாகவும் ஆகிவிடும். தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. மேலே இருப்பதைக் கீழே காட்டும், இடத்தை இடத்திலேயே விட்டுவிடும். எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு மயில்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரே மயில் ஸ்டாம்பை எப்படிச் சுழற்றினாலும் மற்றொரு மயில் முதல் மயிலைப் பார்த்து நேராக நிற்காது. சுழற்றுவது வேறு, பிம்பம் வேறு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பிம்பம் எப்படிக் கிடைக்கிறது

ரப்பர் ஸ்டாம்பில் படம் இடவலம் மாறியே செதுக்கப்பட்டிருக்கும். தாளில் பதிந்ததும் நேராகிவிடும். அந்த நேரான பதிவைத் தாளில் விடாமல், மை உறிஞ்சாத ஒரு வழவழப்பான பரப்பில் முதலில் பதித்து, ஈரம் காய்வதற்குள் அந்தப் பரப்பைத் தாளில் அழுத்தினால் படம் இன்னொரு முறை இடவலம் மாறும். தாளில் விழுவது கண்ணாடிப் பிம்பம். இப்படி நடுப்பரப்பிலிருந்து தாளுக்கு மாற்றுவதைத்தான் இனி மறுபதிவு என்கிறேன். ஆஃப்செட் அச்சகத்தில் நாள் முழுக்க நடப்பதும் இதுதான். தகட்டில் எழுத்து நேராக இருக்கும், அது முதலில் ரப்பர் போர்வையில் இடவலம் மாறி விழும், அங்கிருந்து தாளில் மறுபடி நேராக விழும். அங்கே தொடக்கம் நேரான தகடு, நமக்குத் தொடக்கமே இடவலம் மாறிய ஸ்டாம்ப், அவ்வளவுதான்.

நடுவில் வரும் பரப்புக்கு என்ன எடுப்பது

நான்கு வழிகள் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஆனால் கையில் எது இருக்கிறதோ அதிலிருந்தே தொடங்குங்கள்.

முதலாவது, மிரர் ஸ்டாம்ப் என்று கைவினைப் பொருள் விற்கும் இணையக் கடைகளில் கிடைப்பது. பெயர்தான் பெரிது, பொருள் படமே இல்லாத வழவழப்பான ஒரு ரப்பர் துண்டு. அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெரிய அழிரப்பரைப் பயன்படுத்தலாம். எழுத்து பதிக்காத பக்கம் சமதளமாக இருக்க வேண்டும். சிறிய பூ, சிறிய பறவைக்கு அது போதும். பெரிய படம் என்றால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் கடையில், எழுத்து எதுவும் இல்லாமல் சும்மா ஒரு பாலிமர் தட்டை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. குமரி மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம் என்று தோட்டத்து ரப்பர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரோலரில் பிழியும்போதே அதில் வரிவரியாகக் கோடு விழுந்துவிடும். அந்தக் கோடெல்லாம் உங்கள் மயிலின் மேல் வரும்.

இரண்டாவது, பட்டர் பேப்பர் அல்லது சற்று கனமான ட்ரேசிங் பேப்பர். மை உள்ளே இறங்காமல் சிறிது நேரம் மேலேயே நிற்கும். தாள் ஊடே தெரியும் என்பதால் அட்டையில் பிம்பம் எங்கே விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வைக்கலாம். மிரர் ஸ்டாம்பில் இந்த வசதி கிடையாது, கண்ணைக் கட்டிக்கொண்டு வைப்பதுதான். சமையலுக்கு விற்கும் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள் மட்டும் வேண்டாம், மை திரண்டு ஓடும்.

மூன்றாவது, ஓஎச்பி ஷீட், அதாவது ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். இதுவும் ஊடே தெரியும், கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். புது ஷீட்டில் மை முத்து முத்தாகத் திரளும். மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அந்தப் பளபளப்பைக் குறைத்துவிட்டால் மை பரவி நிற்கும். புதிய மிரர் ஸ்டாம்புக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் அதற்கு அழிரப்பரால் தேய்த்தாலே போதும்.

நான்காவது வழியில் மறுபதிவே கிடையாது. ட்ரேசிங் பேப்பரில் படத்தைப் பதித்து நன்றாகக் காயவிட்டு, தாளைத் திருப்பினால் பின்பக்கம் தெரிவதே பிம்பம். அப்படியே வெட்டி ஒட்டிவிடலாம். பனி படர்ந்தது போன்ற ஒரு மங்கல் இருக்கும். கிறிஸ்துமஸ் அட்டைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

மையும் தாளும்

இந்த வேலையின் பாதி மையில் இருக்கிறது. டை இங்க் தண்ணீர் போல இருக்கும், சீக்கிரம் காயும், மறுபதிவுக்குள் பாதி மை போய்விடும். பிக்மென்ட் இங்க் கெட்டியானது, மெதுவாகக் காயும். இதற்கென்றே செய்தது போல இருக்கும். இரண்டும் இல்லை என்றால் அலுவலக ஸ்டாம்ப் பேட் மை நன்றாகவே வேலை செய்யும், ஊதாவிலும் நீலத்திலும் கறுப்பிலும் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். பிளாஸ்டிக், கண்ணாடி மேலெல்லாம் நொடியில் காயும் நிரந்தர மை இருக்கிறதே, அதைத் தொடவே வேண்டாம். நடுப்பரப்பிலேயே காய்ந்து உட்கார்ந்துவிடும்.

டை இங்க்தான் இருக்கிறது என்றால் ஒரு சின்ன வித்தை உண்டு. ஸ்டாம்பில் மை தடவியதும் வாயைத் திறந்து அதன் மேல் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விடுங்கள். அந்த ஈரத்தில் மை உயிர் பெறும். நடுப்பரப்பில் பதித்த பிறகு, தாளில் வைக்கும் முன்னும் இன்னொரு மூச்சு விடலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதித்தால் டை இங்க் கை நகர்வதற்குள் காய்ந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம், மை நீண்ட நேரம் ஈரமாகவே நிற்கும். மறுபதிவுக்கு இது வசதி, காயவைப்பதற்குத் தொல்லை. தாளும் ஈரம் குடித்து லேசாக வளையும். அட்டைகளை மூடிய டப்பாவில் வைத்து, வேலை செய்யும்போது மட்டும் எடுங்கள்.

தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஐவரி போர்டு சரியாக இருக்கும். சொரசொரப்பான கைத்தாள் பார்க்க அழகு, ஆனால் மறுபதிவில் வரும் கொஞ்சம் மையும் மேடுகளில் மட்டும் ஒட்டிப் படம் பொத்தல் பொத்தலாக வரும். நல்ல பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பிக்மென்ட் இங்க் காயாமல் மறுநாளும் விரலில் ஒட்டும். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 148 மில்லிமீட்டருக்கு 105 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். கீழே வரும் அளவுகள் அந்த அட்டையைப் படுக்கைவாக்கில் வைத்துச் சொல்வது.

எந்தப் படத்தைத் திருப்பக் கூடாது

ஸ்டாம்பைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். எழுத்து உள்ள எதுவும் ஆகாது, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறு சில. கன்னியாகுமரியில் சங்குக் கடைகள் வரிசையாக இருப்பதால் சங்கு ஸ்டாம்ப் நம்மவர்களுக்குப் பிடித்த ஒன்று. வலம்புரிச் சங்கின் பிம்பம் இடம்புரி. கல்யாண அட்டையின் இரண்டு பக்கமும் வலம்புரி இருக்கட்டும் என்று நினைத்து மறுபதிவு செய்தால், ஒரு பக்கம் கடையில் குவித்து விற்கும் சாதாரணச் சங்கு வந்து நிற்கும். வலம்புரிப் பிள்ளையாருக்கும் அதே கதைதான், தும்பிக்கை திசை மாறிவிடும். வீட்டுப் பெரியவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையும் இந்த வகை. வலக்கை மூன்று விரல்களைக் காட்டுகிறது, இடக்கையில் ஓலைச்சுவடி. பக்கவாட்டில் பிம்பம் எடுத்தால் வள்ளுவர் இடக்கையால் அறம், பொருள், இன்பம் காட்டுவார். ஆனால் அதே சிலையைத் தண்ணீர்ப் பிரதிபலிப்பாகக் கீழே பதித்தால் ஒன்றும் தவறில்லை, கடல் உண்மையிலேயே அப்படித்தான் காட்டும். சேலை கட்டிய பெண் உருவத்தில் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். மட்டை பிடித்தவர் இடக்கை ஆட்டக்காரர் ஆகிவிடுவார், அதில் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொரு பக்கம், இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் படத்துக்கு இந்தப் பாடே தேவையில்லை. குத்துவிளக்கு, நேராகப் பார்க்கும் தாமரை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாம் நேராகப் பதித்தாலும் பிம்பமாகப் பதித்தாலும் ஒன்றே. அவற்றைத் தண்ணீரில் காட்ட ஸ்டாம்பைத் தலைகீழாகத் திருப்பினாலே போதும்.

எதிரெதிர் மயில்கள்: படிப்படியாக

மயில் 40 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி.

1. அட்டையின் நடுக்கோடு இடமிருந்து 74 மில்லிமீட்டரில் வரும். அதை மிக லேசாகப் பென்சிலால் போடுங்கள். இடது மயில் 31-இலிருந்து 71 வரை, வலது மயில் 77-இலிருந்து 117 வரை. மயில்களின் கால் நிற்கும் கோட்டையும் ஒரு பென்சில் கீற்றாகக் குறியுங்கள்.

2. பட்டர் பேப்பரை மயிலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, தட்டையான மேசையில் இரண்டு முனைகளில் டேப் ஒட்டி நிறுத்துங்கள். நான்கு பக்கமும் வெட்டு நேராக இருக்கட்டும், பிறகு கோடு பொருத்த உதவும்.

3. ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாதீர்கள். பேடை ஸ்டாம்பின் மேல் திருப்பி வைத்து மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். விளிம்பில் வழியாமல் சீராக ஏறும். வழக்கமாக ஏற்றுவதைவிடக் கொஞ்சம் தாராளமாக.

4. பட்டர் பேப்பரில் நேராகக் கீழே அழுத்துங்கள். ஸ்டாம்பை ஆட்டாமல், சாய்க்காமல் எடுங்கள். உறிஞ்சாத பரப்பில் ஸ்டாம்ப் வழுக்கும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தோகைக் கண்களெல்லாம் இரட்டையாகத் தெரியும்.

5. டேப்பை எடுத்து, தாளைத் திருப்பி, மைப்பக்கம் கீழே இருக்கும்படி அட்டைக்கு மேல் பிடியுங்கள். படம் ஊடே தெரியும். காலைக் கீற்றுக்கும் அலகை நடுக்கோட்டின் பக்கமும் பொருத்தி, முதலில் ஒரு ஓரத்தை மட்டும் தொடவிட்டு, பிறகு முழுவதையும் படியவிடுங்கள். தொட்டதும் நகர்த்தக் கூடாது.

6. ஒரு கையால் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். விரலால் தேய்த்தால் தாள் இழுபடும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் அப்படியே இறக்கி இன்னும் தேய்க்கலாம்.

7. இனிதான் நேரான மயில்.

பிம்பத்தை முதலில் பதித்து நேரானதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பிம்பம்தான் எங்கே விழும், எவ்வளவு அழுத்தமாக விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது. அது விழுந்துவிட்ட பிறகு நேரான பதிவை அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம், நிறத்தையும்கூட. பிம்பம் எப்போதும் சற்று வெளிறியே வரும், ஏனென்றால் மையில் ஒரு பங்கு பட்டர் பேப்பரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நேரான மயிலுக்கு மை ஏற்றியதும் முதலில் ஒரு பழைய தாளில் ஒரு முறை பதித்துவிட்டு, மறுபடி மை ஏற்றாமல் அட்டையில் பதியுங்கள். இரண்டு மயிலும் ஒரே நிறத்தில் நிற்கும். இந்த ஒரு படியை விட்டுவிடுவதால்தான் பலருடைய அட்டைகளில் ஒரு மயில் நேற்று அடித்தது போலவும் மற்றது பழைய காலண்டரில் இருந்து வந்தது போலவும் தெரிகிறது.

மிரர் ஸ்டாம்ப் அல்லது அழிரப்பரில் செய்வதானால் 2 முதல் 6 வரையான படிகளில் ஒரு மாற்றம். ரப்பரை மல்லாக்க மேசையில் வைத்து, ஸ்டாம்பின் ஒரு மூலையை ரப்பரின் மூலையோடு சேர்த்துப் பதியுங்கள். மூலை மூலையோடு இருப்பதால், ரப்பரைக் கவிழ்க்கும்போது படம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அட்டையிலும் கெட்டி அட்டைத் துண்டு இரண்டை எல் வடிவில் டேப் ஒட்டி வைத்து, ரப்பரை அதன் மூலையில் முட்டவைத்து இறக்கினால் பத்து அட்டை செய்தாலும் பத்திலும் ஒரே இடத்தில் விழும்.

காயலும் வள்ளமும்

தண்ணீர்ப் பிரதிபலிப்புக்கு வேண்டியது மேல் கீழான பிம்பம். அதற்குத் தனி வித்தை எதுவும் இல்லை. இடவலப் பிம்பத்தை 180 பாகை சுழற்றினால் அதுவே மேல் கீழ் பிம்பம். ஆகவே பட்டர் பேப்பரைத் திருப்பிய பிறகு தலைகீழாகவும் சுற்றி, நீர்க்கோட்டுக்குக் கீழே வையுங்கள். அணியம் இடப்பக்கமே இருக்கிறதா என்று தாளின் ஊடே பார்த்துவிட்டு இறக்குங்கள்.

வள்ளம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் பிம்பமும் நீர்க்கோட்டை ஒட்டியே தொடங்க வேண்டும். கரையில் நிற்கும் தென்னைக்கு அப்படி இல்லை, கரையின் உயரத்துக்கு ஏற்ப ஒரு சிறு இடைவெளி வரும். இங்கே நிறத்தைச் சமன் செய்யாதீர்கள். மேலே இருப்பது அழுத்தமாகவும் கீழே இருப்பது வெளிறியும் இருப்பதுதான் தண்ணீர். மறுபதிவின் குறை இங்கே குணமாகிவிடுகிறது. டை இங்க் என்றால் ஈரத் தூரிகையால் பிம்பத்தின் குறுக்கே கிடைமட்டமாக இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் கோடுகள் கலைந்து அலை வரும். பிக்மென்ட் என்றால் காய்ந்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் மெல்லிய கோடுகள். பிம்பத்தின் அடிப்பகுதியில் கோடுகளை அதிகப்படுத்தி, நீர்க்கோட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

வள்ளம் அலுத்துப்போனால் கால்வாய் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. உயரமான தூண்கள் வரிசையாக நிற்பதால் தலைகீழ்ப் பிம்பம் அடுக்கடுக்காக விழும். பாலத்தை அட்டையின் நடுவுக்குச் சற்று மேலே வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

நான்கு மூலைகள்

ஒரே ஒரு மூலைப்பூ ஸ்டாம்பை வைத்து அட்டையின் நான்கு மூலையையும் நிரப்பலாம். இடது மேல் மூலை நேர்ப் பதிவு. வலது கீழ் மூலையும் நேர்ப் பதிவுதான், அட்டையை 180 பாகை சுற்றிவிட்டுப் பதிக்க வேண்டும். வலது மேல் மூலை பிம்பம், இடது கீழ் மூலை அதே பிம்பத்தைச் சுற்றிப் பதிப்பது. எதிர் மூலைகள் சுழற்சி, பக்கத்து மூலைகள் பிம்பம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். தோவாளைப் பூமாலையை நினைவூட்டும் வளைந்த பூச்சரம் இதற்கு நன்றாக இருக்கும், கல்யாண அட்டைக்குக் கேட்கவே வேண்டாம். இங்கே பிம்ப மூலைகள் இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள்.

ஸ்டாம்பை நீங்களே செதுக்குவதானால்

அழிரப்பரில் படம் செதுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. பென்சிலால் ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, அதைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும், பதிவு உங்கள் ஓவியம் போலவே வரும். அதே ஓவியத்தைக் கவிழ்க்காமல், தாளின் பின்பக்கம் பென்சிலால் மறுபடி வரைந்து அந்தப் பக்கத்தை ரப்பரில் தேய்த்தால் ஓவியம் மாறாமல் இறங்கும், பதிவு பிம்பமாக வரும். ஜோடியாக இரண்டு ஸ்டாம்பும் கைவசம் இருந்தால் மறுபதிவே வேண்டாம். ஒரே வடிவத்தில் ஐம்பது நூறு அட்டை செய்பவர்களுக்கு இதுதான் லாபம். ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்யக் கொடுப்பவர்களும் படத்தை ஒன்று நேராகவும் ஒன்று திருப்பியும் கணினியில் வைத்துத் தரச் சொல்லலாம். டிசம்பரில் ஊரெல்லாம் குடில் கட்டும் நேரத்தில், குடிலை இருபக்கத்திலிருந்தும் பார்த்து நிற்கும் ஆடுகள், ஒட்டகங்கள் என்று அட்டை போடுபவர்கள் இந்த வழியைத்தான் யோசிக்க வேண்டும். கையில் ஏற்கெனவே வாங்கி வைத்த ஸ்டாம்புகளுக்கு பட்டர் பேப்பரே போதும்.

சரியாக வராதபோது

படம் முழுக்க மங்கல் என்றால் மை குறைவு, அல்லது நடுப்பரப்பில் வைத்துவிட்டு நேரம் கடத்திவிட்டீர்கள். நடுவில் மட்டும் மங்கல் என்றால் மேசை சமமில்லை. அட்டைக்கு அடியில் ஒரு பழைய மவுஸ் பேடை வைத்துப் பாருங்கள். கோடுகள் பரந்து தடித்துவிட்டால் மை அதிகம். நிரப்பிய கறுப்புப் பரப்புகள் புள்ளி புள்ளியாக வருவது இந்த முறையின் இயல்பு, அதற்கு மருந்து கிடையாது. ஆகவே கோட்டுச் சித்திரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஓரிரு கோடு விட்டுப்போனால் அதே நிறப் பேனாவின் மெல்லிய நுனியால் தொட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது.

எம்பாசிங் பவுடர் (ஈர மையின் மேல் தூவிச் சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கும் பொடி) போடுவதாக இருந்தால் பிக்மென்ட் இங்க்தான் வேண்டும். மறுபதிவில் மை குறைவு என்பதால் தாளை எடுத்த கையோடு தூவிவிட வேண்டும். பவுடர் உருகியதும் நேர்ப்பதிவுக்கும் பிம்பத்துக்கும் இருந்த நிற வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

பென்சில் கோடுகளை மை முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் அழியுங்கள். மழைக்காலத்தில் பிக்மென்ட் இங்க் பதித்த அட்டைகளை ஒரு இரவு முழுக்க விரித்து வைத்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். ஸ்டாம்பையும் ரப்பரையும் ஈரத் துணியால் துடைத்து, சோப்பு நீர் தேவை என்றால் கொஞ்சமாக விட்டு, நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் ரப்பர் கெட்டியாகும், பாலிமர் மஞ்சளாகும். எண்ணெயும் தின்னரும் அதன் பக்கமே வரக் கூடாது.